குழாய்க் கைப்பிடியும் ஒளிவாளும்

ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஓபி-வான் கெனோபியின் ஒளிவாளைப் பிரித்துப் போட்டால் ஐந்து சாமான்கள் கையில் வரும். வாய்ப்பக்கம் ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு. அதை ஒட்டி, முதல் உலகப் போரில் துப்பாக்கியில் செருகிச் சுட்ட வெடிகுண்டின் கூடு. நடுவில் கிராஃப்ளெக்ஸ் கேமரா விளக்கின் கவ்வி. அடுத்து பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் பூஸ்டர். அடியில் குமிழாகத் தெரிவது ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் கம்பெனியின் தண்ணீர்க் குழாய்க் கைப்பிடி. குளியலறையில் திருகித் திறக்கிறோமே, அதேதான்.

ஸ்டார் வார்ஸ் வெளிவந்தது 1977 மே 25-இல். அந்தக் குமிழ் ஒரு குழாய்க் கைப்பிடி என்று ரசிகர்கள் அடையாளம் காணப் பல ஆண்டுகள் பிடித்தன. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புகைப்படங்களைப் பெரிதாக்கி, பழைய இரும்புக் குவியல்களில் தேடி, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார்கள். கடைச் சாமான்களைக் கொண்டு ஒளிவாள் செய்து பார்க்கும் வேலையில் எனக்கு ஆசை விழுந்ததே அங்கேதான். விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வந்ததாக நினைத்திருந்த ஒன்றை "இது பாத்ரூம் சாமான்" என்று சொன்ன பிறகும் அதன் மதிப்பு குன்றிமணி அளவும் குறையவில்லை.

*

அந்தப் படத்தின் செட் அலங்காரம் ரோஜர் கிறிஸ்டியன் பொறுப்பில் இருந்தது. புதிதாக வடிவமைத்து வார்த்து எடுக்கப் பணம் இல்லை. லண்டனில் ஒரு புகைப்படக் கடையில், பழைய பெட்டி ஒன்றில் கிராஃப்ளெக்ஸ் பிளாஷ் கைப்பிடிகள் கிடந்தன. 1940-களில் பத்திரிகைப் படக்காரர்கள் கேமராவின் பக்கத்தில் மாட்டிய உலோகக் குழாய் அது. உள்ளே மூன்று பெரிய பேட்டரி போகும். கிறிஸ்டியன் அதன் மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார். கால்குலேட்டரிலிருந்து எடுத்த ஒரு குமிழிப் பட்டையைக் கவ்விக்குள் நுழைத்தார். லூக் ஸ்கைவாக்கரின் வாள் தயார். 1978-இல் அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்காரில் அவருக்கும் பங்கு உண்டு.

பேரரசுப் படையினர் தூக்கிக்கொண்டு ஓடும் துப்பாக்கியும் இப்படித்தான். பிரிட்டிஷ் ராணுவம் 1953 முதல் கையாண்ட ஸ்டெர்லிங், அதன் மேல் இரண்டொரு ஒட்டு. ஹான் சோலோவின் கையில் இருப்பது ஜெர்மனியின் மௌசர் சி96.

அந்தத் துப்பாக்கிகளைச் செய்து பார்க்கவும் ஆசைதான். ஆனால் மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் கூடையில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு சாலைத் தடுப்பில் நின்று, "ஐயா, இது சினிமா சாமான்" என்று போலீஸ்காரருக்கு விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. வாள் போதும்.

*

சுங்கைப் பட்டாணியில் நான் போகும் ஹார்ட்வேர் கடை இரண்டு கடைவீட்டை ஒன்றாக்கியது. முன்னால் மண்வெட்டி, தோட்டக் குழாய், பெயிண்ட் டின். உள்ளே போகப் போக இருட்டும் துருவாசமும் கூடும். பின்சுவரில் மர இழுப்பறைகள். ஒவ்வொரு அறையின் முகத்திலும் உள்ளிருக்கும் திருகிலோ வாஷரிலோ ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர் எழுதுவதில்லை. பெயர் தெரியாதவனும் கேட்டு வாங்கலாம். எனக்கு வசதி, நான் தேடுபவற்றுக்குப் பெயரே கிடையாது.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, வயதானவர். "அண்ணே, எங்கே பைப் ஒழுகுது?" என்று மலாயில் கேட்பார். ஒழுகவில்லை என்றால் அடுத்த கேள்வி கஷ்டமானது. எதற்கு? முதலில் பூந்தொட்டி, கோயில் வேலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு செல்போனில் படத்தைக் காட்டிவிட்டேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போய், தண்ணீர் மீட்டர் பொருத்தும் பித்தளை மூட்டு ஒன்றைக் கொண்டுவந்து படத்தின் பக்கத்தில் வைத்தார். விளிம்பு வளைவு அப்படியே பொருந்தியது. ஐம்பது வருஷம் சாமானோடு சாமானாக வாழ்ந்தவர் கண்ணில் கடைக்குள் இருப்பதெல்லாம் வடிவமாகவே பதிந்திருக்கிறது போலும்.

குழாய் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை அங்குல பிவிசி என்று கேட்டால் கிடைப்பது ஒன்றரை அங்குலம் அல்ல. வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர். அந்தப் பெயர் உள்ளே ஓடும் தண்ணீருக்காக வைத்தது, வெளியே பிடிக்கும் கைக்காக அல்ல. ஆனால் கைகழுவும் தொட்டிக்கு அடியில் போகும் குரோம் குழாயை வெளிவிட்டத்தால் அளக்கிறார்கள்; ஒன்றேகால் அங்குலம் என்றால் வெளியே 32 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே கடையில், ஒரே அலமாரியில், ஒரே அங்குலப் பெயரோடு கிடக்கின்றன. அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

*

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஸ்டார் வார்ஸ் அந்நியமாகப் படாது. லூக் ஒரு பண்ணைப் பையன். மாமன் வீட்டில் வேலை, ஊர் தாண்ட அனுமதி இல்லை, ரிப்பேராகி நிற்கும் வண்டி. பளபளப்பான எதிர்காலத்தை அதற்கு முன் வந்த படங்கள் காட்டிவிட்டன. ஸ்டார் வார்ஸ் காட்டியது தேய்ந்த எதிர்காலம். கப்பலில் எண்ணெய்க்கறை, ரோபோட்டில் கீறல், சுவரில் அழுக்கு. ஏற்கெனவே வேறு வேலை பார்த்து ஓய்ந்த சாமான்களைக் கொண்டு செய்ததால் அது தானாக வந்தது.

பீடோங் பக்கம் எங்கள் லயத்தில் புதுச் சாமான் என்று எதுவும் நெடுநாள் இருந்ததில்லை. மரத்தில் அடித்த பீலி தகரத்தை வெட்டி மடித்தது. பால் பிடிக்கும் மங்கு உடைந்தால் சிரட்டை வரும். பால் டின் விளக்காகும், பிறகு அளவுப் படியாகும், பிறகு கோழிக்குத் தண்ணீர் வைக்கும். சைக்கிள் டயரை அறுத்துக் கதவுக்குக் கீலாக அடித்த வீடுகள் உண்டு. இதை வறுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. ஒரு பொருள் எதற்காகப் பிறந்ததோ அதோடு அதன் கதை முடிவதில்லை என்று தெரிந்தவர்களின் கைவேலையும் அதில் இருந்தது.

*

ஓபி-வான் வாளைக் கோக்க ஒரு நீளத் திருகுத்தண்டு போதும். நடுவில் தண்டு, ஒவ்வொரு உறுப்பையும் அதில் நுழைத்து இரண்டு பக்கமும் நட்டு வைத்து இறுக்கினால் பசை தேவைப்படாது. மனம் மாறினால் கழற்றலாம். மனம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

கஷ்டம் வெடிகுண்டுப் பகுதியில். அசலில் அது கட்டம் கட்டமாகப் பிளந்த இரும்பு, வெடிக்கும்போது சிதறுவதற்காக அப்படி வார்த்தது. நான் பெரிய வாஷர், சிறிய வாஷர், பெரிய வாஷர் என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். குறுக்குப் பள்ளங்கள் வந்துவிட்டன. நெடுக்குப் பள்ளங்களை ஹாக்சா பிளேடால் அறுத்தேன். இரும்பு வாஷரில் பிளேடு இறங்கும்போது முதலில் வழுக்கும், பிறகு ஒரு கீச்சல், பிறகு ஒரே சீராக இழுபடும். அந்தச் சீர் வந்த பிறகு கை தன்பாட்டில் போகும், மனம் அமர்ந்துவிடும். இரும்புத்தூள் முழங்கையில் கறுப்பு வியர்வையாக ஓடுவது கழுவும்போதுதான் தெரியும்.

இந்த அமைதி எனக்குக் கோயிலில் அவ்வளவாகக் கிடைத்ததில்லை. அங்கே கேட்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கிறது.

கோயில் என்றதும் நினைவு வருவது முனியாண்டியின் அரிவாள். தோட்டத்து எல்லையில், ஆள் உயரத்துக்கும் மேலே, கொல்லன் அடித்து வெள்ளி பெயிண்ட் பூசி நட்டிருப்பார்கள். அது எதையும் வெட்டியதில்லை, வெட்டப்போவதும் இல்லை. யாரும் அதைப் போலி என்று சொன்னதில்லை. வெட்டாத வாளைச் சிரத்தையாகச் செய்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல.

*

டெர்வென்ட் எஞ்சின் பறந்தது மீட்டியார் விமானத்தில். மலாயாவில் அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. 1950-களில் பிரிட்டிஷ் விமானப்படையின் 81-ஆம் ஸ்குவாட்ரன் மீட்டியார்களைச் சிங்கப்பூரிலிருந்து கிளப்பி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிக் காடுகளை மேலிருந்து படம் பிடித்தது. ஒளிவாளின் வாயில் இருக்கும் குழாயின் உடன்பிறப்புகள் இந்த நாட்டு ஆகாயத்தில் கத்திக்கொண்டு போயிருக்கின்றன. கீழே தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. பால்வெட்டுக்குப் போகிறவர்களை வேலி வாசலில் சோதித்து அனுப்பிய காலம்.

சினிமாவுக்குக் கழித்துப்போட்ட சாமான் என்பது பெரும்பாலும் போர் கழித்துப்போட்ட சாமான். ஐந்தில் மூன்று போருக்குப் பிறந்தவை. நான்காவது பத்திரிகைக்கு. ஐந்தாவதான குழாய்க் கைப்பிடி ஒன்றுதான் பிறந்ததிலிருந்து யாரையும் பயமுறுத்தாதது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

*

கைப்பிடிக்குக் கறுப்புப் பட்டை வேண்டும் என்று லூக்கின் வாளிலிருந்து கடன் வாங்கிக்கொண்டேன். தூய ரசிகர்கள் இதை மன்னிக்க மாட்டார்கள். கார் கதவு ரப்பர் மீட்டர் கணக்கில் விற்கிறது. அறுக்கும்போது வந்த வாசனை கந்தகமும் புகையும் கலந்தது.

ரப்பர் கறுப்பாகப் பிறப்பதில்லை. விடியுமுன் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அது வெள்ளை. ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூண்டில் தொங்கவிட்டால் தேன் நிறத் தகடு. வலு ஏற்றுவதற்காகக் கரித்தூள் கலந்த பிறகே அது டயரின் கறுப்பாகிறது. தோட்டத்தில் நாங்கள் பார்த்த ரப்பருக்கும் உலகம் பார்த்த ரப்பருக்கும் நிறமே வேறு. அம்மா வாழ்நாளெல்லாம் பால் வெட்டினார், டயரைப் பார்த்து, "இது நம்ம பாலா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார்.

அவருடைய உளி இன்னும் வீட்டில் இருக்கிறது. மரப்பிடியில் கட்டைவிரல் பதிந்த இடம் குழிந்து, எண்ணெய் குடித்து, மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கிறது. நுனியில் தேய்மானமே இல்லை, அங்கே கை போகாது. வாளுக்குப் பழமை ஏற்றும்போது அந்த உளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கறுப்பு பெயிண்ட்டை எங்கும் அடித்து, காயுமுன் துணியால் துடைத்து, விரல் படும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டேன். பொதுவாகச் செய்பவர்கள் எல்லா இடத்திலும் சமமாகக் கீறிவிடுகிறார்கள். பார்த்த உடனே பொய் தெரிந்துவிடும். உழைத்த பொருள் எல்லா இடத்திலும் தேய்வதில்லை.

"புதுசைக் காசு குடுத்து வாங்கி எதுக்குடா பழசாக்குற?" என்றார் அம்மா. பதில் சொல்லவில்லை. அவர் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தாலும் அவர் ஒப்புக்கொள்ளும் பதில் அல்ல.

*

ஒளிக்கு என்ன செய்வது? படப்பிடிப்பில் ஒரு கோலின் மேல் ஸ்காட்ச்லைட் என்ற ஒளி திருப்பும் பட்டையைச் சுற்றி, மோட்டாரால் சுழலவிட்டு, கேமராப் பக்கமிருந்து விளக்கடித்தார்கள். அது போதாமல் பிறகு படச்சுருளில் ஒவ்வொரு சட்டமாக வண்ணம் ஏற்றினார்கள். அதே இனத்துப் பட்டை ஹார்ட்வேர் கடையில் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்குகிறது. விடிகாலை இருட்டில் வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிள் பின்னால் ஒட்டியிருப்பது அதுதான்.

வாளின் ஓசையை அமைத்தவர் பென் பர்ட். சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டிவி படக்குழாயின் இரைச்சலையும் கலந்ததில் அந்த "ம்ம்ம்" வந்தது. இதைப் படித்தபோது எங்கள் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் காலத்தில் தகவல் இலாகா வேன் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டும். படத்துக்கு முன்னால் வரும் அந்த மோட்டார்ச் சத்தத்துக்கே பிள்ளைகள் லயத்திலிருந்து ஓடிவருவார்களாம். விண்வெளிக் கதையும் அவருக்குப் புதிதல்ல: எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' பறக்கும் தட்டோடு வந்தது 1963-இல், ஏ. காசிலிங்கம் இயக்கம். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகும் கதை. ஸ்டார் வார்ஸுக்குப் பதினான்கு வருஷம் முந்தியது. எங்கள் பெரியப்பாவுக்கு இதில் பெருமை அதிகம். லூக்கை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

*

அசல் எது, நகல் எது என்ற யோசனையோடு மெர்போக் போயிருந்தேன். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயில், ஓடைக்கரை மேட்டில். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் தலைமையில் கல்லை எடுத்து மறுபடி அடுக்கியது. மேலே இருந்த மரக்கூரை எப்போதோ போய்விட்டது. அதைக் கற்பனை செய்து கட்டி வைக்கவில்லை, தூண் நின்ற கல்லை மட்டும் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில், வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய சண்டிகளும் உண்டு. இடம் மாறிய கோயில் அசலா? கல் அசல், அடுக்கு மறு அடுக்கு. 2013-இல் சுங்கை பத்து எஸ்டேட்டில் ஒரு சண்டியை வீடமைப்பு வேலையில் இடித்துவிட்ட செய்தி வந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியே ஆடம்பரம்.

அதே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்தது இரும்பு உருக்கிய உலைகளை. உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கி.பி. முதல் ஆயிரத்தாண்டிலேயே இந்த மண்ணில் ஆற்றங்கரையோரம் குழாயும் இரும்பும் தொழிலாக நடந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு களிமண் குழாயின் வெளிவிட்டத்தை மனம் கணக்குப் போட்டது. தொழில் புத்தி.

*

இப்போது இதற்கெல்லாம் சுலப வழி வந்துவிட்டது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் வந்தது. அந்தப் பக்கத்துப் பையன்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். ஓபி-வான் வாளின் கோப்பை இறக்கி, இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பிளாஸ்டிக் வாள். அரை மில்லிமீட்டர் பிசகாது. என் வாள் பல இடங்களில் பிசகியிருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வடிவத்துக்கு உண்மையாக இருக்கிறார்கள். நான் உண்மையாக இருக்க நினைப்பது கிறிஸ்டியனும் அவர் கூட்டாளிகளும் செய்த வழிக்கு: கடைக்குப் போவது, குனிந்து தேடுவது, வேறு வேலைக்குப் பிறந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது. எந்த நகல் மேலானது என்று கேட்டால், என் தீர்ப்பு வழியின் பக்கம்தான். கிளந்தான் பாணி தோல்பாவையில் தின்தோய் சுவோ, பாக் டாயின் என்ற கலைஞர்கள் ஸ்டார் வார்ஸைக் கொண்டுவந்தபோதும் அந்த வழியில்தான் போனார்கள். படத்தின் வில்லன் டார்த் வேடர் அங்கே சங்கலா வேடே என்ற பெயரில், தோலில் ஓட்டை ஓட்டையாகக் கொத்திய பாவையாக நிற்கிறான். முகமூடி அளவு பிசகாமல் இருக்கிறதா என்று யாரும் அளக்கவில்லை. நிழலில் பார்த்தவுடன் அவன்தான் என்று தெரிகிறது.

*

என் வாளில் இன்னும் நிறைவாகாதது அடிக்குமிழ். கடையில் விற்கும் இப்போதைய கைப்பிடிகள் நெம்புகோல் மாதிரி ஒரே இழுப்பில் திறப்பவை. பழைய மாதிரி, உள்ளங்கை நிறையப் பிடித்துத் திருகும் பள்ளம் வைத்த குரோம் குமிழ் வருவதில்லை. ஆர்மிடேஜும் ஷாங்க்ஸும் ஒரே கம்பெனியாக இணைந்தது 1969-இல். அதை ஒட்டிய காலத்தில் கட்டிய, பழுது பார்த்த துரை பங்களாக்களில் இங்கிலாந்துச் சாமான் இருந்திருக்கலாம். பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஜெராய் மலையடிவாரத்திலிருந்து பாடாங் செராய் வரை தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகளும் டிப்போக்களும் எழும்புகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். பீடோங், கூலிம், லூனாஸ் பக்கம் பழைய பங்களாவோ கிராணி வீடோ இடிக்கும் குத்தகைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், குளியலறைக் குழாய்களைக் கல்லோடு கல்லாக லாரியில் ஏற்றிவிடாதீர்கள். கழற்றி, பெசி புரோக் என்ற பழைய இரும்புக் கடையில் தனியாகப் போடச் சொல்லுங்கள். திருகு இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள், வந்துவிடும். எடைக்கு என்ன விலையோ அதற்கு மேல் தந்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.